கையை எங்கே வைப்பது

சிவன் கோயிலுக்குள் நுழைந்தால் என் கை என்னைக் கேட்பதில்லை. கொடிமரத்தைக் கண்டதும் குவிகிறது, திருநீற்றுக்கு நீள்கிறது, தட்டில் பத்து ரூபாய் போடுகிறது, கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. அடுப்பை அணைத்தோமா என்ற கவலையில் மனம் பெருங்குடி வீட்டிலேயே கிடந்தாலும் கை தன்பாட்டுக்குக் கும்பிட்டு முடித்துவிடும். மாதாகோயிலில் இதே கை, கல்யாண வீட்டில் யாரையும் தெரியாத விருந்தாளி மாதிரி ஆகிவிடுகிறது. பின்னால் கட்டினால் ஆய்வுக்கு வந்த அதிகாரி போலிருக்கிறது. முன்னால் கட்டினால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. குவிக்கலாமா? வாசல் தொட்டியில் இருக்கும் தீர்த்தத்தைத் தொடலாமா, அது அவர்களுக்கு மட்டுமா? இத்தனை கேள்விக்கும் ஒரே பதிலாகக் கை சட்டைப்பைக்குள் போய்ப் போனை எடுத்துவிடுகிறது. படம் எடுக்க ஆரம்பித்ததும் ஒரு நிம்மதி. இவன் சுற்றிப் பார்க்க வந்தவன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சாந்தோம் பேராலயத்துக்கு இப்படிப் பலமுறை போயிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக்காட்ட ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்: கபாலி கோயில், சாந்தோம், மெரினா, பொழுதிருந்தால் மகாபலிபுரம். அப்போஸ்தலர் ஒருவரின் கல்லறைமேல் எழுந்த ஆலயங்கள் என்று உலகில் மூன்றைச் சொல்வார்கள். ரோமில் பேதுரு, ஸ்பெயினின் சந்தியாகோவில் யாக்கோபு, மயிலாப்பூரில் தோமா என்று ஒப்பிப்பேன். கோபுரம் 155 அடி என்பேன். வந்தவர் அண்ணாந்து பார்ப்பார். இருபது நிமிடத்தில் வெளியே வந்து இளநீர் குடிப்போம்.

அம்மாவை அழைத்துப்போன அன்று அந்த இருபது நிமிடம் இரண்டு மணி நேரம் ஆயிற்று.

*

பெருங்குடியிலிருந்து பறக்கும் ரயிலில் போனோம். ஞாயிற்றுக்கிழமை மதியம், பெட்டியில் பாதிக்குமேல் காலி. ஸ்டேஷனுக்கு வரும் வழியெல்லாம் அடுக்குமாடி விளம்பரங்கள். சதுப்புநிலத்தை மண்ணடித்து மேடாக்கிய ஊரில் ‘வானத்துக்கு அருகில் ஒரு வாழ்க்கை’ என்கிற மாதிரியான வாசகங்கள். அவற்றைப் பார்க்கும்போது எனக்குத் தோமாவின் கதைதான் ஞாபகம் வரும்.

மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட ‘தோமாவின் பணிகள்’ என்ற நூல் அவரைக் கட்டடக் கைவினைஞராகக் காட்டுகிறது. கொண்டபோரஸ் என்ற இந்திய அரசன் அவரிடம் பணம் கொடுத்து மாளிகை கட்டச் சொல்கிறான். தோமா அத்தனையையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். அரசன் வந்து மாளிகை எங்கே என்கிறான். சொர்க்கத்தில் கட்டியாயிற்று, இறந்தபிறகுதான் குடிபோக முடியும் என்கிறார். அரசன் அவரைச் சிறையில் தள்ளுகிறான். முன்பணம் கட்டிவிட்டுச் சாவிக்காகக் காத்திருக்கும் என் அக்கம்பக்கத்தார் பலருக்கு அந்த அரசனின் நியாயம் புரியும். அப்படி ஓர் அரசன் இருந்தானா என்றே நெடுங்காலம் சந்தேகப்பட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. அரசன் இருந்தது உறுதியாயிற்று. தோமா அவனிடம் வந்தாரா என்பதை நாணயம் சொல்லவில்லை.

கேரளத்து மரபு வேறு. கி.பி. 52-இல் முசிறித் துறையில் வந்திறங்கினார், கி.பி. 72-இல் மயிலாப்பூர்ப் பக்கம் கொல்லப்பட்டார் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது. வரலாற்றாசிரியர்கள் முதல் நூற்றாண்டுச் சான்று கேட்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை. மிளகு ஏற்ற ரோமானியக் கப்பல் வந்த கரைக்கு ஒரு யூதர் வருவது நடக்காத காரியமும் இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் தோமா இந்தியாவில் இருக்கிறார்.

கோட்டூர்புரம் தாண்டி ரயில் அடையாற்றைக் கடந்தபோது அம்மா கேட்டாள்: “இது வேளாங்கண்ணி மாதாவாடா?”

“இல்லம்மா. இது தோமையார். ஏசுவோட சீடர்.”

“சரி, இருக்கட்டும்” என்று கைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். உள்ளே ஒரு சின்ன எண்ணெய்ப் பாட்டில் இருந்தது.

அம்மா கும்பகோணத்துக்காரி. எனக்கு மூன்று வயதில் டைபாய்டு வந்தபோது வேளாங்கண்ணிக்கு முடி நேர்ந்துகொண்டவள். அங்கே மொட்டை போட்டுவிட்டு, வரும் வழியில் சிக்கலில் இறங்கி சிங்காரவேலரையும் பார்த்துவிட்டு வந்தோமாம். அவளுக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை. டாக்டரை மாற்றிப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான்.

*

திருமயிலையில் இறங்கிக் கச்சேரி சாலை வழியாக ஆட்டோவில் போனோம். குளம், மசூதி, பிறகு கடல்காற்று. அந்த ஒரு சாலையைக் கடப்பதற்குள் மூன்று சமயங்களின் வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைகளைக் கடந்துவிடலாம்.

வெள்ளைக் கோபுரத்தைக் கண்டதும் அம்மா செருப்பைக் கழற்றினாள். இங்கே வேண்டியதில்லை என்றேன். “செருப்போட எப்படிடா உள்ள போறது” என்று வாசலோரம் விட்டுவிட்டாள். நான் ஷூவோடு நுழைந்தேன். வழக்கப்படி விவரம் சொல்ல ஆரம்பித்தேன்: இப்போது நிற்பது போர்த்துகீசியர் கட்டியது இல்லை, அந்தப் பழைய கோயிலை இடித்துவிட்டு ரீட் ட சில்வா என்ற ஆயர் காலத்தில் இதை எழுப்பினார்கள், 1896-இல் அர்ச்சித்தார்கள், 1956-இல் பசிலிக்கா ஆயிற்று, 1986 பிப்ரவரி 5-ஆம் தேதி போப் இரண்டாம் ஜான் பால் வந்து கல்லறையில் ஜெபித்தார். கூரை நடுவில் இருக்கும் இன்னொரு சின்னக் கூம்பு, அதற்கு நேர்கீழே கல்லறை இருப்பதற்கு அடையாளம்.

அம்மா பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மயில் இருக்கு பாரு” என்றாள்.

இருந்தது. தாமரைமேல் பாதம் வைத்த இயேசு, இரண்டு பக்கமும் மயில்கள். எத்தனையோ தடவை படம் பிடித்திருக்கிறேன். முருகன் இல்லாத மயிலைப் பார்த்து அம்மா சிரித்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. இந்த ஊரில் மயிலுக்குக் குறைந்தது இரண்டு கதை உண்டு. ஒன்று அம்பிகை மயிலாக வந்து புன்னையடியில் சிவனைப் பூசித்தது. மற்றொன்றை மார்க்கோ போலோ கேட்டு எழுதியிருக்கிறார்: காட்டில் மயில்கள் சூழத் தோமா ஜெபத்தில் இருந்தாராம், மயிலுக்குக் குறிவைத்த ஒருவனின் அம்பு தவறி அவர்மேல் பாய்ந்ததாம். பரங்கிமலையில் கேட்டால் முதுகில் ஈட்டியால் குத்தினார்கள் என்பார்கள். வேண்டுமென்றே நடந்த கொலை ஒரு கதை, கை தவறிய விபத்து இன்னொரு கதை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மயிலாப்பூர்க்காரர்கள் ஒரு வெளியூர்க்காரரிடம் விபத்து என்று சொல்லியிருக்கிறார்கள். ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்புவதும் ஒரு சான்றுதான்.

போலோ இந்த ஊருக்குத் தந்த வர்ணனை சுருக்கமானது: சின்ன ஊர், வணிகர் அதிகம் வராத இடம். ஆனாலும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரை வருகிறார்கள். கல்லறை இடத்து மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரருக்குக் கரைத்துக் கொடுக்கிறார்கள். இதை எழுதிய மனிதர் அன்று என்னைப்போலப் பார்க்க வந்தவராக இருந்திருக்கலாம். அவர் பார்த்ததோ, மண்ணைக் கையில் அள்ளியவர்களை.

*

இங்கே ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகக்கூடாது. நான் விருந்தாளிகளிடம் சொல்லாமல் விடும் விஷயம் அது. சம்பந்தர் பாடிய மயிலைக் கோயிலில் மாசிக் கடலாட்டு நடந்தது. அந்தப் பழைய கோயில் கடலோரத்தில் இருந்தது, போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது, இன்று குளக்கரையில் நிற்பது அதற்குப் பிறகு எழுந்தது என்பது ஆய்வாளர் பலரும் ஏற்கும் செய்தி. சாந்தோம் பகுதியில் பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. எந்தக் கல் எந்தச் சுவருக்குள் போனது, யார் உத்தரவில் போனது என்பதில் இன்றும் வழக்கு ஓயவில்லை. தோமாவின் கல்லறையைத் தேடிப் போர்த்துகீசியர் 1523-இல் தோண்டினார்கள். தங்கள் புனிதரைத் தேடிய கைகளும் அடுத்தவர் சாமியை அகற்றிய கைகளும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. இதைச் சொன்னால் கிறிஸ்தவ நண்பர்கள் முகம் சுருங்குகிறது. சொல்லாவிட்டால் நான் வழிகாட்டி இல்லை, வெறும் விளம்பரப் பலகை. சொல்வதை ஆயுதமாக்கிக்கொள்ளக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் இளநீர்க் கடைக்குப் போய்விடுகிறேன்.

ஆனால் மயிலாப்பூர் எலும்புக்குப் பழகிய ஊர். பாம்பு தீண்டி இறந்த மகள் பூம்பாவையின் சாம்பலையும் எலும்பையும் சிவநேசர் குடத்தில் வைத்துக் காத்திருந்தார். சம்பந்தர் வந்து பாடினார். ஊரின் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமலா போய்விடுவாய் என்று அந்தக் குடத்தைப் பார்த்துக் கேட்டார். ஓணம், கார்த்திகை விளக்கு, ஆதிரை, தைப்பூசம் என்று பட்டியல் போகிறது. யோசித்துப் பார்த்தால், ஊரைச் சுற்றிப் பார்க்கக் கூப்பிடும் குரல்தான் அது. அந்த அழைப்புக்கு எலும்பு எழுந்து வந்தது. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் இன்னொரு குடும்பம், இன்னோர் எலும்பைச் சுற்றி இன்னொரு திருவிழாப் பட்டியலை வைத்திருக்கிறது.

*

கல்லறைக்குக் கீழே இறங்கிப் போகவேண்டும். மேலே திருப்பலி நடந்தாலும் பார்க்க வருகிறவர்கள் தொந்தரவு தராமல் இருக்கப் பின்பக்கமாகத் தனி வழி. சின்னச் சிற்றாலயம். கண்ணாடிக்கு உள்ளே படுத்த நிலையில் தோமாவின் சொரூபம். அவருடையது என்று நம்பப்படும் சிறு எலும்புத் துண்டு ஒன்றைத் திருப்பண்டமாகக் காக்கிறார்கள். மலையாளத்தில் முணுமுணுத்துக்கொண்டு ஒரு குடும்பம் முழந்தாளிட்டிருந்தது. வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் தொப்பியை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். கையை வைக்க அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று பொறாமையாக இருந்தது.

அவரது எலும்புகளில் பெரும்பகுதி இங்கே இல்லை. வெகு காலத்துக்கு முன்பே எடெஸ்ஸாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கிருந்து கியோஸ் தீவுக்கு, 1258-இல் இத்தாலியின் ஓர்த்தோனாவுக்கு. அந்தச் சிரியாக் நூலிலேயே இதற்குக் கதை உண்டு. தோமாவைக் கொல்லச் சொன்ன அரசனின் மகனுக்குப் பேய் பிடிக்கிறது. புனிதரின் எலும்பு ஒன்றைத் தொட்டால் குணமாகும் என்று அரசன் கல்லறையைத் திறக்கிறான். எலும்பில்லை, சீடர் ஒருவர் ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தார். கிடந்த இடத்து மண்ணை அள்ளி மகன்மேல் இடுகிறான். பையன் பிழைக்கிறான். ஆயிரம் வருடம் கழித்து போலோ எழுதியதும் அதே மண்தான்.

தொடுவது என்றாலே தோமாதான். உயிர்த்த ஆண்டவரை மற்ற சீடர்கள் பார்த்தபோது இவர் இல்லை. ஆணி அடித்த தழும்பில் விரலை விட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றார். எட்டு நாள் கழித்து இயேசு வந்து, இதோ என் கை, விரலை நீட்டு என்றார். காரவாஜ்ஜோ வரைந்த ஓவியத்தில் தோமாவின் விரல் காயத்துக்குள்ளேயே போயிருக்கிறது, பார்க்கிறவருக்குக் கூசும். ஆனால் யோவான் நற்செய்தியைத் திறந்து பார்த்தால், தோமா தொட்டார் என்று எழுதியிருக்காது. ஆண்டவரே என்று சொன்னார், அவ்வளவுதான். விரல் போயிற்றா, பாதியில் நின்றதா, தெரியாது. இரண்டாயிரம் வருடமாக உலகம் தொட்டவர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மனிதர் ஒருவேளை கையை நீட்டக்கூட இல்லை.

சைதாப்பேட்டை சின்னமலைக் குகையில் பாறையில் இருக்கும் ஒரு பள்ளத்தை அவரது கைத்தடம் என்கிறார்கள். அங்கே போனவர்கள் தங்கள் உள்ளங்கையை அதில் பொருத்திப் பார்ப்பார்கள். பரங்கிமலையில் 1547-இல் கிடைத்த, பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை அவரே செதுக்கியது என்பார்கள். அந்த மலைக்குப் படிக்கட்டு அமைத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். யாத்ரீகர் ஆற்றைக் கடக்கச் சைதாப்பேட்டையில் 1726-இல் பாலமும் கட்டினார். வந்து பார்த்துவிட்டுப் போகாமல் ஏதாவது செய்துவிட்டுப் போக அவர் கையும் தவித்திருக்கிறது. என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து அந்த மலை தெரியும். பதினோரு வருடமாகத் துணி காயப்போடும்போது பார்க்கிறேன்.

அம்மா கண்ணாடி அருகில் போனாள். அங்கிருந்த சிஸ்டரிடம் எண்ணெய்ப் பாட்டிலைக் காட்டி, “இதை இங்க வெச்சுட்டு எடுத்துக்கலாமாம்மா? முட்டி வலி” என்றாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அது வேளாங்கண்ணி வழக்கம், இங்கே ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்று தோன்றியது. சிஸ்டர் சிரித்து, “வைங்கம்மா” என்றார். பாட்டிலை வைத்தாள். உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தாள். அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கை பதிந்த இடத்தில் ஈரம் ஒரு கணம் நின்று மறைந்தது.

*

பேராலயத்துக்குப் பின்னால் கடலைப் பார்த்தபடி ஒரு கம்பம் நிற்கிறது. கரை ஒதுங்கிய பெரிய மரத்தை யானைகளால் நகர்த்த முடியாதபோது தோமா தன் இடுப்புக் கயிற்றால் இழுத்துவந்தார், இதைத் தாண்டிக் கடல் வராது என்றார் என்பது கதை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தக் கதைக்குப் புது மவுசு. அன்று கடல் ஆலய வளாகத்துக்குள் வரவில்லை. குப்பத்து மக்கள் நிறையப் பேர் அங்கேதான் தஞ்சமிருந்தார்கள். அந்தக் கம்பத்தைத் தொட்டுக் கும்பிடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சற்றுத் தெற்கே சீனிவாசபுரத்தில் அதே கடல் வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோயிற்று. காப்பாற்றிய கம்பம் என்று சொல்லும்போது, அது காப்பாற்றாத தெருவும் அந்தச் சொல்லுக்குள் வந்து நின்றுகொள்கிறது. புனிதருக்கு எல்லைக் கோடு போட்டது யார்? சுற்றுலாப் பயணிக்கு இந்தக் கேள்வி எளிது. அவன் திரும்பிப் போய்விடுவான். சீனிவாசபுரத்திலிருந்து வந்து அந்த ஆலயத்தில் மெழுகுவத்தி ஏற்றும் பெண் இதே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏற்றுகிறாள்.

பாரிசில் நோத்ர தாம் பேராலயம் 2019-இல் எரிந்தபோது தெருவில் நின்று அழுதவர்களில் பூசைக்கே போகாதவர்கள் பலர். பார்க்க மட்டுமே போன இடம் எரிந்தால் ஏன் அழுகை? பார்ப்பதும் ஒரு வகையில் தொடுவதுதானோ என்று அப்போது நினைத்திருக்கிறேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. பார்ப்பவனுக்குக் கை சுடுவதில்லை.

அம்மா இரண்டு மெழுகுவத்தி வாங்கி ஒன்றை என்னிடம் கொடுத்தாள். “எனக்கெதுக்கு” என்றேன்.

“பிடி. சும்மா படம் எடுத்துக்கிட்டே இருக்க.”

போனைப் பைக்குள் போட்டேன். காற்று பலமாக அடித்தது. ஏற்ற ஏற்ற அணைந்தது. பக்கத்தில் நின்ற யாரோ தன் கையைக் குடையாகப் பிடித்தார். நான்காவது முறை பற்றியது. நட்டு வைக்கும்போது உருகிய மெழுகு கட்டைவிரலில் வழிந்தது. சுட்டது. உதறாமல் நட்டு முடித்தேன். யாருக்கு, எதற்கு என்று ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. கைக்கு வேலை கிடைத்திருந்தது.

*

திரும்பும் ரயிலில் அம்மா கேட்டாள்: “அவர் எலும்பு முழுசா அங்கதான் இருக்கா?”

இல்லை என்று சொல்லி எடெஸ்ஸா, கியோஸ், ஓர்த்தோனா எல்லாம் விளக்கினேன். ஒரு துண்டு மட்டும் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்றேன். இதைக் கேட்டால் ஏமாற்றமடைவாள் என்று நினைத்தேன்.

“படுக்கவெச்ச இடம் இருக்கில்ல” என்றாள். “எங்க அம்மா போயி நாப்பது வருஷமாச்சு. அந்தத் திண்ணைக்கு இப்பவும் கால் நீட்டமாட்டேன்.”

அதன்பின் முட்டியில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டாள். பெட்டியில் நல்லெண்ணெய் வாசனை எழுந்தது. தரமணி தாண்டியதும் ஜன்னல் வழியாகச் சதுப்புநிலத்துக் காற்றும் அதனுடன் குப்பைமேட்டுப் புகையும் வந்தன.

பெருங்குடியில் இறங்கி ஆட்டோவுக்காகப் போனை எடுத்தேன். கட்டைவிரலை வைத்தேன். திறக்கவில்லை. மறுபடி வைத்தேன், விரல் ரேகை பொருந்தவில்லை என்றது. தொட்டுப் பார்க்காமல் நான்தான் என்று அதுவும் நம்பாது. சுரண்டிப் பார்த்தால் மெழுகு, ரேகையின்மேல் மெல்லிய தோல்போலப் படிந்திருந்தது.

“வீட்டுக்குப் போய் வெந்நீர்ல கழுவிக்கோ” என்றாள் அம்மா. கையைக் காட்டி ஓர் ஆட்டோவை அவளே நிறுத்தினாள்.